ஒரு க்ளட்ச் லீவர், இரண்டு வண்டிகள்

2001-ம் வருடம், ஏப்ரல் மாதம். டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் குடியிருந்தோம். அந்த வருடம் அங்கே இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் நாலு தமிழ்க் குடும்பம் இருந்தால் அதில் இரண்டு வீட்டில் வேலை போயிருந்தது. டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிக்கொண்டிருந்தன. மார்ச்சில் என் கணவர் முறை வந்தது. வேலை போனதோடு விசா போயிற்று, மெடிக்கல் இன்சூரன்ஸும் போயிற்று. சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தோம். சோபா போயிற்று, டைனிங் டேபிள் போயிற்று. ஒன்றை மட்டும் விற்கவிடாமல் அடம்பிடித்தார். கராஜில் நின்ற அவருடைய பழைய மோட்டார் சைக்கிள்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த வண்டி அது. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் அட்டைப்பெட்டிகளுக்குள் பாகம் பாகமாகக் கிடந்ததை இவர் பேரம் பேசி வாங்கிவந்தார். இவர் பேரம் பேசினால் எதிராளிக்குத் தலை சுற்றும். கடைசியில் அந்த மனிதர் தன் ஸ்பேனர் செட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். விடாக்கண்டன் என்றால் அப்படி ஒரு விடாக்கண்டன். காலேஜில் ஒரு மார்க்குக்காக ரீவேல்யுவேஷன் போட்டு, அந்த ஒரு மார்க்கை வாங்கியே தீர்த்தவர். அமெரிக்காவில் ஒரு பார்க்கிங் டிக்கெட்டுக்காக லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தவர். தனக்குச் சேர வேண்டியதில் ஒரு பொட்டு விடமாட்டார்.

இந்த மாதிரிப் பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு அங்கே ஒரு போட்டி நடத்துகிறார்கள். ட்ரையல்ஸ் என்று பெயர். ரேஸ் என்று நினைத்துத்தான் முதல் தடவை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போனேன். பார்த்தால், நடந்து போகிறவர்களே முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார்கள். பாறையும் சேறும் ஓடையுமாக வழியே இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிவிடுவார்கள். அது ஒரு செக்‌ஷன். கால் தரையில் படாமல் அதை ஓட்டிக் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் ஒரு பாயின்ட், இரண்டு தடவை பட்டால் இரண்டு. கீழே விழுந்தால் ஐந்து. எல்லா செக்‌ஷனும் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது யாருக்குக் குறைச்சலோ அவர்தான் ஜெயித்தவர். சைபர் வாங்கினால் முதுகில் தட்டிக் கொடுக்கிற இடத்தை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒருவர் நின்று, கால் படுகிறதா என்று கவனித்து, விரலைக் காட்டிப் பாயின்ட் சொல்ல வேண்டும். கூட வருகிற மனைவி, மாமனார், முழங்கால் போன பழைய ரைடர் இவர்கள்தான் அங்கே அம்பயர். கொஞ்ச நாளில் என்னையும் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கே எனக்கு முதல் அதிர்ச்சி. ஒரு தடிமனான மனிதர் என் செக்‌ஷனை முடித்தார். சைபர் என்று கை மூடிக் காட்டினேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்தார். அந்த மரக்கட்டைக்குப் பின்னால் என் வலது கால் பட்டுவிட்டது, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தெரிந்திருக்காது மேடம், ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேலி செய்கிறாரோ என்றுகூடச் சந்தேகம்.

திரும்பி வரும்போது காரில் இதைச் சொன்னேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லவங்கதான். ஆனா சுத்த ஏமாளிங்க. அம்பயர் பாக்கலன்னா அது அவுட்டே கிடையாது, தெரியுமா?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாம் பார்த்து வளர்ந்த கிரிக்கெட் அப்படி.

அந்தக் கூட்டத்தில் இவருக்கு ஒரே ஒரு எதிரி. எதிரி என்று இவர்தான் சொல்லிக்கொண்டார், அவருக்கு அது தெரியாது. ரிட்டயரான பல் டாக்டர், வெள்ளைத் தாடி, ஆறடிக்கு மேல் உயரம். இவர் வைத்திருந்த அதே வண்டியைத்தான் அவரும் வைத்திருந்தார். எப்போதும் அவர் முதல், இவர் இரண்டாவது. தோற்றுவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் ரசத்தில் இவர் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு செக்‌ஷனுக்கு முன்னாலும் அந்த டாக்டர் இவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, இந்தக் கல் ஆடும், அந்தப் பக்கம் போகாதே என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பார். ஆரம்பத்தில், தன்னைக் கவிழ்க்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று இவர் வேண்டுமென்றே மாற்றி ஓட்டி, இரண்டு தடவை ஓடையில் குளித்தார். அதற்கப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

ஏப்ரலில் வந்தது எங்களுக்குக் கடைசிப் போட்டி. டல்லாஸிலிருந்து தெற்கே சில மணி நேரம் தள்ளி ஒரு பண்ணை. காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டிருந்தபோது இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு மாதமாக வேலை போனதைப் பற்றி வாயே திறக்காத மனிதர்.

"வேலையில தோத்துட்டு ஊருக்குப் போறேன். இதுலயாவது அந்த டாக்டரை ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டுப் போறேனே. அப்புறம் வண்டிய வித்துடலாம்."

நாங்கள் ஊரைவிட்டுப் போகிற விஷயம் எல்லாருக்கும் தெரியும். பல் டாக்டருக்கும் தெரியும். பெரிய மனுஷர், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்க மாட்டாரா என்று எனக்குள் ஒரு நப்பாசை. போகிற வழியெல்லாம் பிள்ளையாரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

பல் டாக்டர் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. அன்றைக்கு என்றுமில்லாத மாதிரி ஓட்டினார். இவரும் விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்தபோது இவர் கண்ணில் ஒரு வெளிச்சம். சமமாக வந்துகொண்டிருக்கிறோம் என்றார். என்னுடையது கடைசி செக்‌ஷன், ஓடைக்கரை மேட்டில். அங்கிருந்து கீழே நடப்பதெல்லாம் தெரியும்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அது நடந்தது. கீழே சுண்ணாம்புப் பாறை ஒன்றில் ஏறும்போது இவர் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. இவரும் வண்டியும் சேர்ந்து பாறைமேல் விழுந்த சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் நினைவு வந்தது கடவுள் இல்லை, இன்சூரன்ஸ். கை கால் உடைந்திருந்தால் அந்த நாட்டில் எங்கே போவது? செருப்பு ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் ஏழெட்டுப் பேர் வண்டியைத் தூக்கியிருந்தார்கள். இவர் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். கையில் உடைந்த க்ளட்ச் லீவர். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையோடு இரண்டு துண்டு. அந்த லீவரே போன மாதம் பல் டாக்டர் கொடுத்த ஸ்பேர்தான். க்ளட்ச் இல்லாமல் பாறையில் ஒரு அடி நகர முடியாது. ஆளுக்கொரு பக்கம் ஓடி அவரவர் வேனிலிருந்து லீவர் கொண்டுவந்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. இந்த வண்டியின் ஹேண்டில்பார் கொஞ்சம் தடிமன். அந்தப் பண்ணையில் அதே தடிமனில் இன்னொரு லீவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பல் டாக்டரின் வண்டியில் இருந்தது.

முடிந்தது என்று இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் இவர் தோளில் கை வைத்தேன். பல் டாக்டர் அந்த செக்‌ஷனை ஏற்கெனவே முடித்திருந்தார். தன் வண்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்பேனரை எடுத்து, தன் லீவரைக் கழற்ற ஆரம்பித்தார்.

எனக்குப் புரியவில்லை. தன் வண்டியை நிறுத்திவிட்டு இவரை ஓட்டச் சொல்கிறாரா? பாவம் பார்த்துப் பிச்சை போடுகிறாரா? அப்படியும் இல்லை. அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். அடுத்த செக்‌ஷனில் முதலில் இவர் ஓட்டுவார். முடித்ததும் லீவரைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டித் தான் ஓட்டுவார். அதற்கடுத்ததில் தான் முதலில், இவர் பிறகு. மிச்சமிருக்கிற எல்லா செக்‌ஷனும் இப்படியே. யார் கையில் லீவர் இல்லையோ அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரம் போகிறது, கேபிளைப் பிடி என்று அதட்டினார் டாக்டர்.

நான் மேட்டுக்குத் திரும்பிப்போய், ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து பார்த்தேன். எழுபதை நெருங்கும் மனிதர் வெயிலில் வண்டியைத் தள்ளுகிறார். இவர் ஓடிப்போய்ப் பின்னால் கை கொடுக்கிறார். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து லீவரைக் கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள். திரும்பவும் குந்தி உட்காருகிறார்கள். எங்கள் வகுப்பில் பரீட்சைக்கு முதல் நாள் நோட்ஸைக் கேட்டால், வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லுகிறவள்தான் முதல் ரேங்க் வாங்கினாள்.

கடைசியாக என் செக்‌ஷனுக்கு வந்தார்கள். மற்றவர்களெல்லாம் முடித்துக் கிளம்பிவிட்டார்கள். விழுந்ததில் ஏறின ஐந்தை ஈடுகட்டிவிட்டேன், மறுபடி இரண்டு பேரும் சமம் என்றார் இவர். பல் டாக்டர் முதலில் ஓட்டினார். மேட்டில் ஏறும்போது என் கண்ணுக்கு நேராக இடது கால் ஒரு தடவை பட்டது. ஒரு விரலைக் காட்டினேன். தலையாட்டினார். லீவரைக் கழற்றிக் கீழே கொண்டுபோய் இவர் வண்டியில் மாட்டிவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்து என் பக்கத்தில் நின்றார்.

இவர் ஓட்டினார். ஓடையைக் கடந்து, ஒரு பெரிய பாறையைச் சுற்றி மறைந்து, வெளியே வந்து, நேராக மேட்டில் ஏறி வந்துவிட்டார். கால் படவே இல்லை. நான் கையை மூடிக் காட்டினேன். ஜெயித்துவிட்டார். பல் டாக்டர் பெரிதாகச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

இவர் கையைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாறைக்குப் பின்னால ரெண்டு தடவ கால் பட்டுச்சு. ரெண்டு போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது. அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"சும்மா இருங்க. நான்தான் அம்பயர். நான் பாக்கல, முடிஞ்சிச்சு."

"அவரோட லீவரப் புடிச்சிக்கிட்டே எனக்குப் பொய் சொல்ல வரல. போடு."

ஒரு மார்க்குக்காக யுனிவர்சிட்டியோடு சண்டை போட்ட மனிதர். ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று காலையில் என் சமையலறை வாசலில் வந்து நின்ற மனிதர். இவரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்புறம் இவரே டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். ஆஹா என்பார், கட்டிக்கொள்வார், அழுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். பல் டாக்டர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அப்படியென்றால் நான் ஒரு பாயின்டில் ஜெயித்தேன் என்றார். நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார், இவர் பிடித்துக் குலுக்கினார். பிறகு லீவரைக் கழற்றக் குனிந்துவிட்டார். அதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் கணவர் செய்தது உலக அதிசயம் என்று நான் நின்றுகொண்டிருக்கிறேன். அவருக்கோ அது மழை பெய்தால் நனைவது மாதிரி. இவரும் அவர்களில் ஒருத்தராகிவிட்டார், அதற்கு எதற்குப் பாராட்டு?

நான் இரண்டு விரலைக் காட்டினேன். கண்ணில் தண்ணீர், விரல் மங்கலாகத்தான் தெரிந்தது. விட்டுக்கொடுக்க வைக்கும்படி பிள்ளையாரை நச்சரித்ததை நினைத்தால் சிரிப்பும் வந்தது. திரும்பி வரும்போது காரில் இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ராத்திரி ரசத்தை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். தோற்ற நாளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டோம், ஊருக்கு வந்து சேர்ந்தோம். இவர் ஒன்றும் மகாத்மா ஆகிவிடவில்லை. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் தெருமுனை வரை பேரம் பேசுவார், ரசத்தில் குறை சொல்வார். ஆனால் யாருக்கும் தெரியாத இடத்தில் தப்பு நடந்துவிட்டால் அவர் வாயாலேயே அது முதலில் வெளியே வந்துவிடும். அந்தப் பாறைக்குப் பின்னால் நடந்ததை நான் கடைசிவரை பார்க்கவில்லை, ஆனால் இத்தனை வருடம் இந்த மனிதரை நம்பிக் குடித்தனம் நடத்த எனக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.