மூடிக்குப் பிடி கடைந்த தவமணி அக்கா

தவமணி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. வேலைக்குப் போகிற பேருந்தில் கைபேசியைத் திறந்தேன். மெழுகுதிரி, ரோசாப்பூ, நடுவில் அக்காவின் முகம். கீழே பிறந்த ஊர், வாழ்ந்த இடம் டோர்ட்மண்ட், அதற்கும் கீழே ‘குடும்பத் தலைவி’ என்று போட்டிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயுளில் பாதியைத் தொழிற்சாலைத் தரையைத் துடைத்தே கழித்தவர், பிறகு கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று மரம் கடைந்தவர், கண்ணை மூடியதும் வெறும் குடும்பத் தலைவியாகிவிட்டாரா? அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தவர்களும் வாசிக்கட்டும்.

மாடிப்படிகளும் அவற்றின் கைப்பிடிக் கம்பங்களும் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை பார்த்தோம். வெட்டி மிஞ்சிய ஓக், பீச் மரத் துண்டுகள் அங்கே பெட்டி பெட்டியாக எரிக்கப் போகும். “தங்கம்போல மரம். எரிக்கிறாங்கள், விசரங்கள்” என்று அக்கா தினமும் புறுபுறுப்பார். கடைசியில் ஒருநாள் மேற்பார்வையாளரிடம் போய், துண்டுகளைத் தான் எடுக்கலாமா என்று கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, “அன்ட்ராக் எழுதிக் கொடு, பார்க்கலாம்” என்றார். துப்புரவுக்காரி விண்ணப்பம் எழுதுவாளா என்ற ஏளனம்தான் அது. அக்கா எழுதினார். என் அரைகுறை ஜெர்மனில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ன போடுவது என்று கேட்டபோது, “எரிக்கிறது பாவம் எண்டு போடு, பிள்ளை” என்றார். சில கிழமைகளில் முத்திரை குத்தி அனுமதி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அங்கே கடைசல் வேலை பார்த்தவரின் கைகளை, தரை துடைக்கிற சாட்டில் நின்று பார்த்தே அக்கா பாதி பழகிவிட்டார். மீதியை ஒரு மாலை வகுப்பில் பழகினார். பழைய சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கித் தன் கட்டடத்தின் நிலவறையில், எல்லோரும் கெல்லர் என்கிறோமே, அங்கே வைத்தார். உள்ளி இடிக்கிற குட்டி உலக்கை, மத்து, அலுமாரி இழுவைக் கைப்பிடி எல்லாம் கடைந்தார். எல்லாவற்றையும்விட அதிகம் கடைந்தது சட்டி மூடிக்குப் பிடிதான்.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கதிரையில் இருக்கமாட்டார். நேரே குசினிக்குள் போய் மூடிகளைத் தூக்கிப் பார்ப்பார். என் பருப்புச் சட்டி மூடியில் பிடி உடைந்து, மிஞ்சியிருந்த திருகாணியில் ஒரு வைன் போத்தல் தக்கையைச் செருகி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. “சுடுமெண்டு தெரிஞ்சும் ஒவ்வொரு நாளும் கை வைக்கிறியள். பழந்துணியால பிடிக்கிறியள். என்ன சனம் நீங்கள்? ஒரு பிடி போட ஏலாதோ?” அடுத்த கிழமையே பிடி வந்துவிட்டது. மரப்பிடி, சுடாது. காசு கொடுத்தால் வாங்கமாட்டார், சண்டைக்கு வருவார்.

இப்படிப்பட்ட மனுசிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ‘விறகக்கா’. கோயில் மண்டபத்தில் ஒரு பெரிய மனிதர், வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு, “பொம்பிளைக்கு இது என்னத்துக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்து, “அண்ணை, உங்கட வீட்டுச் சோத்துச் சட்டி மூடியை ஒருக்கா வெறுங்கையால தூக்கிப் பாத்திருக்கிறியளே? தூக்கிப் பாத்திட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்” என்றார். அந்த வீட்டு மூடிக்கும் அக்காதான் பின்னர் பிடி போட்டார். அவர் மனைவி ரகசியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, இறந்துபோன இன்னொருவரின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இருவருமாகப் போனோம். சாப்பாடு முடிந்து புறப்படும்போது வழக்கம்போல ஆளுக்கொரு நினைவுப் பொருள் தந்தார்கள். மூடியில் இறந்தவரின் படம் அச்சடித்த பிளாஸ்டிக் டப்பா. பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கொதித்தார். “செத்த மனுசின்ர முகத்தைத் திறந்து சம்பல் எடுக்கிறதோ? எறியவும் ஏலாது, பாவிக்கவும் ஏலாது. என்ர முப்பத்தொண்டுக்கு நான் கடைஞ்ச பிடியைத்தான் குடுக்கோணும். மகனிட்டச் சொன்னன், சிரிக்கிறான். நீதான் பிள்ளை பாத்துக்கொள்ளோணும்.” நான் “ஓம் அக்கா” என்றேன்.

சொன்னேனே தவிர என்ன செய்தேன்? மகன் ரமணன் தொலைபேசியில், “அன்ரி, டப்பா ஓடர் குடுத்திட்டன்” என்றபோது பிடிகளைப் பற்றி நினைவூட்டினேன். “சனத்துக்கு மரக்கட்டை குடுத்தா என்ன கதைப்பினம்? அம்மாவுக்கு மரியாதையா ஏதாவது செய்யோணும் அன்ரி” என்றான். தாயைப் பறிகொடுத்தவனோடு வாதாடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வாயை மூடிவிட்டேன். முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் அக்காவின் முகம் அச்சடித்த டப்பாவை என் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டுரையில் நான் திட்டுகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ரமணனே கூப்பிட்டான். வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், மேலே எல்லாம் காலி, கெல்லரில் மரச்சாமான் ஒரு பெட்டி கிடக்கிறது, வேண்டுமானால் எடுங்கள் என்றான். போய்த் தூக்கி வந்தேன். மேசையில் கொட்டினால், எல்லாம் மூடிப்பிடிகள். ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘சாந்தி, ரசச் சட்டி’. அடுத்ததில் ‘மகேசன் வீடு, பெரிய தாச்சி’. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு சட்டி. விரல் வீங்குகிற செல்விக்குத் தடித்த பிடி. எனக்கு ‘தேத்தண்ணிக் கேத்தில்’. அதன் பிடி உடைந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்போது வந்து பார்த்தார்? நோயோடு நின்று, வீடு வீடாக நினைத்து நினைத்துக் கடைந்திருக்கிறார். அதை நாங்கள் மரக்கட்டை என்றோம். வெட்கக்கேடு.

அடியில் கிடந்த பிடியில் ‘ரமணன், என்ர இறைச்சிச் சட்டி’ என்று இருந்தது. அந்தச் சட்டியை அக்கா மகனுக்கென்று விட்டுப் போயிருக்கிறார். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

“ரமணன், அம்மா உனக்கும் ஒண்டு கடைஞ்சு வைச்சிருக்கிறா. தன்ர இறைச்சிச் சட்டிக்கு.”



“அன்ரி, சட்டி பானையெல்லாம் திங்கட்கிழமையே எறிஞ்சிட்டன்” என்றான். பிறகு அவன் அழுகிற சத்தம் கேட்டது. அவனைத் திட்டுவதற்கென்று ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களே, உங்கள் பிடிகள் என் வீட்டில் இருக்கின்றன. வந்து பெயர் பார்த்து எடுத்துப்போய் மூடியில் பூட்டுங்கள். அலுமாரிக் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறவர்கள் வரவேண்டாம். என் கேத்திலுக்கு அன்றே பூட்டிவிட்டேன். ரமணனுடையதை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். அவன் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு வரும்வரை அது என்னிடம் இருக்கும். பீச் மரம், உருண்டை, நன்றாக வழுவழுப்பாக்கியது. மகனின் கையை மனதில் அளந்துதான் அக்கா அதைக் கடைந்திருக்கிறார். என் கைக்கு அது பெரிது.