ஐந்து வீட்டுச் சாவி

போர்ட் பிளேயரின் மழைக்காலத்தில் உப்பு தண்ணீராகிவிடும். அங்கே ஒரு பொருளை வாங்குவது பாதி வேலைதான். அடுத்த கப்பல் வரும்வரை அதைக் காப்பாற்றுவது மீதி. தீப்பெட்டிகளை அரிசிக்குள் புதைத்து வைப்போம். மிளகாய் வற்றலோடு அடுப்புக்கரித் துண்டுகளைப் போடுவோம். டின்களின் மூடி விளிம்பில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவோம். எதையும் தரையில் வைப்பதில்லை. இவற்றில் ஒன்றும் சென்னையில் நான் படித்த கல்லூரியில் சொல்லித் தரப்படவில்லை. பி.ஏ. முடித்து, துறைமுகப் பணிமனையில் வேலை பார்த்தவரை மணந்து, ஜங்லிகாட்டுக்குக் குடிவந்து பள்ளி ஆசிரியையான பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். மரச்சுவர், தகரக் கூரை. ஒரு முனையில் வங்காளத் தச்சர் குடும்பம், அடுத்தது மலையாளி குமாஸ்தா வீடு, நடுவில் ஒரு தெலுங்குக் குடும்பம். நான்காவது எங்களுடையது. ஐந்தாவதில், பலகைச் சுவருக்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. கணவன் சாலை வேலையில் மேஸ்திரி. அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அம்மா வீடு கடலுக்கு அப்பால் இருந்ததால் தலைப்பிரசவம் இங்கேயே நடந்தது. பெண் குழந்தை. தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் என் கையில்தான் கொடுத்தாள். எனக்குக் குழந்தைகள் இல்லை. அதை இதற்குமுன் எங்கும் எழுதியதில்லை. இந்தக் கட்டுரைக்கு அது தேவைப்படுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ப் பேச்சு வந்தது. சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்கள். கல்கத்தாக் கப்பலும் வராது, சென்னைக் கப்பலும் வராது என்று அபர்டீன் பஜாரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குக் கப்பலைவிட வேறொன்றுதான் கவலையாக இருந்தது. முந்தைய ஆண்டு கப்பல் தாமதமானபோது, பஜாரில் ஒரு தமிழ்க் கடைக்காரர் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் பின்வாசல் வழியாகச் சர்க்கரை கொடுத்தார். விஷயம் வெளியே தெரிந்தபின், குழாயடியில் தெலுங்குப் பெண் என் பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்களுக்கு மட்டும் உள்ளேயிருந்து வரும்ல, டீச்சர்" என்றாள். நான் வாங்கியவள் அல்ல. ஆனாலும் அன்று என் முகம் எரிந்தது நினைவிருக்கிறது.

அதனால் அந்த முறை நானே ஒரு யோசனை சொன்னேன். தனித்தனியாக ஒளித்து வைக்க வேண்டாம். ஐந்து வீட்டுப் பொருளையும் ஓர் அறையில் வைப்போம். ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடப் பாட்டுக்குக் கொஞ்சம் இருக்கட்டும். கப்பல் இல்லை என்று துறைமுகப் பலகையில் அறிவிப்பு வந்த பிறகு, ஐந்து பேரும் கூடி நின்று அறையைத் திறந்து சமமாகப் பிரித்துக்கொள்வோம். அதற்கு முன் யாருக்காகவும் திறப்பதில்லை.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பின்னறைதான் ஈரம் ஏறாதது. கல்லூரிப் புத்தகங்களை அங்கேதான் வைத்திருந்தேன். அவற்றை முன்னறைக்கு மாற்றி, பலகைகளின் மேல் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சோப்பு, பால் பவுடர் டின்கள் என்று அடுக்கினோம். இரண்டு நாள் பஜாரில் அலைந்து நாங்கள் வாங்கி முடித்தபோது பல கடைகளில் பால் டின் இருந்த தட்டு காலியாக இருந்தது. அந்தக் காலித் தட்டைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டின்களில் பாதியை வாங்கிவந்தவள் பக்கத்து வீட்டுப் பெண். பேறுகாலக் காய்ச்சலில் அவளுக்குத் தாய்ப்பால் நின்றுபோயிருந்தது.

சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. மலையாளி வீட்டு அம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரோட கையில சாவி இருந்தா எலிகூட லீவ் லெட்டர் எழுதிக் குடுத்துட்டுத்தான் உள்ள போகும் கேட்டோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டேன்.

அடுத்த கப்பல் வியாழக்கிழமை வரவேண்டும். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பள்ளி முடிந்து நான் வீடு வந்த சமயத்தில், பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு அப்போது நான்கு மாதம்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

"இனிமேல்தான். உள்ளே வா, ஏன் நனைகிறாய்?"

அவள் படியேறி வந்தாள். உட்காரவில்லை.

"வீட்ல வச்சிருந்த டின்னு கெட்டுப் போச்சுக்கா. மூடி சரியா மூடல போல. ஈரம் ஏறி கல்லு மாதிரி கட்டிட்டு. மோந்து பாத்தா ஒரு வாடை. தூரப் போட்டுட்டேன்."

"பஜாரில்?"

"அவுக போயி அலைஞ்சிட்டு வந்துட்டாக. ஒரு கடையிலயும் இல்ல. மாட்டுக்காரர் வீட்லயும் கேட்டாச்சு, அவுகளுக்கே பத்தலங்காக." குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உள்ள இருக்கதுல ஒண்ணு மட்டும் எடுத்துக் குடுங்கக்கா. பங்கு வைக்கும்போது எனக்கு ஒண்ணு கொறச்சுக்கிடுங்க."

அது நியாயமான கோரிக்கை. கேட்ட அந்தக் கணத்திலேயே எனக்கு அது தெரிந்தது. அவள் வங்காளியாக இருந்திருந்தால் உடனே திறந்திருப்பேன் என்று இன்று உறுதியாக நம்புகிறேன். தெலுங்குப் பெண் கேட்டிருந்தால் இரண்டு டின்னாகவே கொடுத்திருப்பேன். ஆனால் வந்தவள் தமிழ்ப் பெண். வரிசையில் என்னைத் தமிழில் அக்கா என்று அழைத்த ஒரே பெண். அவளுக்காகப் பூட்டைத் திறந்தால் குழாயடியில் மறுநாள் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

"பாரும்மா, சாவி என்னிடம் இருப்பதால்தான் என்னால் எடுக்க முடியாது. நம் ஆளுக்கு என்றால் டீச்சர் திறந்துவிட்டாள் என்று சொல்வார்கள்."

"மத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்பதே சலுகை மாதிரி ஆகிவிடும். இன்றைக்குச் செவ்வாய். வியாழக்கிழமை கப்பல் வந்துவிட்டால் பஜாரிலேயே கிடைக்கும். வராவிட்டால் எல்லோருமாகத் திறக்கத்தானே போகிறோம்? இரண்டு நாள்தான். அதுவரை கஞ்சித் தெளிவில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடு."

அவள் என் கழுத்துச் சரட்டைப் பார்த்தாள்.

"நாலஞ்சு நாளாவே தண்ணி கூடுதலா ஊத்தித்தான் குடுக்கேன்க்கா" என்றாள். குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, "சரிக்கா" என்று இறங்கிப் போனாள். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் ஒருவேளை நான் இளகியிருப்பேன் என்று நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றத்தை அவள் பக்கம் தள்ள அதுவும் ஒரு வழி.

புதன்கிழமை முழுதும் பலகைச் சுவருக்கு அப்பால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. மாலையில் அழுகை நின்றது. தூங்கிவிட்டது போலிருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னேன். "அந்த டின்னைக் கொடுத்துத் தொலைச்சா என்ன? சாவி என்ன சர்க்கார் கஜானா சாவியா?" என்றார் அவர். இது பெண்களின் ஏற்பாடு, தாங்கள் தலையிட வேண்டாம் என்றேன்.

வியாழக்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது அவர்கள் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருந்தார்கள். மதியம் துறைமுகப் பலகையில் எழுதிவிட்டார்கள்: கப்பல் இல்லை, அடுத்த தேதி பின்னர் தெரிவிக்கப்படும். நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் கூடினோம். அவள் மட்டும் இல்லை. தெலுங்குப் பெண்தான் சொன்னாள்: "பாப்பாவுக்கு வயித்தால போகுது. கண்ணே தொறக்கல."

அப்போதும் நான் முறைப்படிதான் நடந்தேன். பூட்டைத் திறந்து, ஐந்து பங்கு வைத்து, ஒவ்வொருவரும் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தேன். பிறகு அவளுடைய பங்கிலிருந்து இரண்டு பால் டின்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நிற்காமல் மேட்டில் நடந்தே போனேன்.

மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தையை முகத்தோடு சேர்த்துத் துணி மூடியிருந்தது. மேஸ்திரி தூணைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றிருந்தார். நான் எதையும் கவனிக்காதவளைப் போலப் பையிலிருந்து டின்களை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கொண்டுவந்தவள் கொடுத்துவிட வேண்டும் என்ற பழக்கமாக இருக்கலாம்.

அவள் டின்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது யாருக்கு, டீச்சர்?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்பது போலிருந்தது. அதற்கு முன் அவள் என்னை டீச்சர் என்று அழைத்ததில்லை.

மருத்துவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: இந்த மழையில் எந்தப் பாலைக் குடித்த குழந்தைக்கும் இது வந்திருக்கலாம், ஒரு டின்னால் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அது என்னைத் தாங்குவதில்லை. கஞ்சித் தெளிவு கொடுக்கச் சொன்னது நான்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள், வங்காளப் பெண் எங்கள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். செவ்வாய்க்கிழமை நடந்தது அதற்குள் வரிசைக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரி சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தமிழ் வராது. தீவின் இந்தியில்தான் பேசுவோம்.

"பூச்சா க்யூன் நஹீ, தீதி?" என்றாள். ஏன் எங்களைக் கேட்கவில்லை, அக்கா?

நீங்கள் தவறாக நினைப்பீர்களோ என்று இருந்தேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அவள் தன் இந்தியில் மெதுவாகச் சொன்னாள்: குழந்தைப் பால் என்றால் எங்களில் எவள் வேண்டாம் என்பாள்? எங்களை என்னவென்று நினைத்தீர்கள், தீதி?

யாருடைய வாய்க்கு அஞ்சினேனோ, அவர்கள் அதைச் சொல்லக்கூடியவர்களாகவே இருக்கவில்லை. ஓராண்டுக்கு முன் குழாயடியில் சிரித்தபடி வீசப்பட்ட ஒரு கேலியை நான் மனத்தில் பூட்டி வைத்திருந்தேன். வீசியவளோ அன்றைக்கே மறந்துவிட்டிருந்தாள். குழந்தையை அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது எல்லோரையும்விட உரக்க அழுதவள் அவள்தான்.

கப்பல் மூன்று வாரம் கழித்து வந்தது. பஜாரில் பால் டின் தாராளமாகக் கிடைத்தது. அதே கப்பலில் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப இடம் வாங்கிவிட்டார். புறப்படும் நாள் காலையில் அவள் ஒவ்வொரு வீடாகச் சென்று விடைபெற்றாள். மற்ற வீடுகளில் உள்ளே போய் உட்கார்ந்தாள். தெலுங்குப் பெண் அவளுக்குத் தலை பின்னிவிட்டதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வாசலில் படியேறவில்லை.

"வரேன், டீச்சர்."

"எழுது" என்றேன். "முகவரி இருக்கிறதல்லவா?"

"இருக்கு" என்றாள். எழுதவில்லை.

அந்த வரிசையில் மேலும் ஒன்பது ஆண்டுகள் இருந்தோம். என் பெயருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. மெயின்லேண்டுக்கு விடுமுறையில் போகும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துச் சென்றது. டீச்சர் வீட்டில் இருந்தால் கவலையில்லை என்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டேன்.

அவள் மட்டும் அன்று காலை, வீட்டுச் சொந்தக்காரரிடம் சேர்க்க வேண்டிய தன் வீட்டுச் சாவியை, எங்கள் வாசலைத் தாண்டி, மழையில் வரிசையின் மறுமுனைவரை நடந்துபோய், வங்காளப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.