வரி விழாத மீன்கள்

இன்றைக்கு வெளிநாட்டில் பெரிய ஆய்வுகூடம் வைத்து, மீன்களின் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்துகொண்டிருக்கும் ஒரு சிங்கள அம்மணிக்கு, எங்கள் நோனாவுக்கு, முதன்முதலாக மீன் வளர்த்துக் கொடுத்தவள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மீன் பார்க்க அது ஒருநாளும் தடையாக இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் பெல்மதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்த ரப்பர் ஸ்டோருக்குச் சுண்ணாம்பு அடித்து, நோனா கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்தார். அவர் தோட்டத்து டாக்டரின் மகள். சிங்களப் பிள்ளைதான், ஆனால் எங்கள் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். தேயிலை நர்சரியில் இருபது வருடம் வேலை செய்த என்னைத் தொட்டி பார்க்க எடுத்தார். விரல் நீளம்கூட இல்லாத மீன். உடம்பில் நீளவாக்கில் கறுநீல வரிகள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏன்டி, கறிக்கு ஆகாத மீனுக்கெல்லாம் பிள்ளைக்காம்பரா வச்சு ஆயா வேலை பாக்குறியாமே?"

"ஆமா. ஒங்க புள்ளைங்க மாதிரி இதுங்களுக்கு மூக்கு ஒழுகாது," என்றேன்.

சாயங்காலம் ஓர் ஆணையும் பெண்ணையும் வலை போட்ட பெட்டியில் விடுவோம். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். முட்டை வலைக்குக் கீழே இறங்கிவிடும், இல்லாவிட்டால் பெற்றதுகளே தின்றுவிடும். குஞ்சுகளை நோனா ஒவ்வொரு நாளும் உற்றுப் பார்ப்பார். எதைத் தேடுகிறார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மற்றதைப் போல இல்லாத ஒரு குஞ்சு பிறக்க வேண்டும், அது பரம்பரையாக வருகிறது என்று அவர் காட்ட வேண்டும். மறுமாத அறிக்கையில் காட்டாவிட்டால், வெளிநாட்டில் படிக்கக் கிடைத்த இடம் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் அவர் மூன்று வாரம் கொழும்புக்குப் போனார். அவர் போன பிறகு பொரித்த ஒரு தொட்டிக் குஞ்சுகளுக்கு வரி தெளிய ஆரம்பித்திருந்தது. சில மட்டும் வரியே விழாமல் வெளிறிக் கிடந்தன. நர்சரியில் வெளிறின கன்றைக் கண்டால் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்போம். அதே கைதானே இதுவும்? வெளிறினதை எல்லாம் வடிகட்டியில் அள்ளி ஓடையில் விட்டேன். ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்திருந்த பெரிய மீன்களையும், சின்னத் தொட்டிகளைக் கழுவுவதற்காக, ஒரே தொட்டியில் கொட்டினேன்.

நோனா வந்ததும், "குஞ்சுங்க எப்படி அக்கே?" என்றார்.

"எல்லாம் ஒன்னுபோல இருக்குதுங்க நோனா. வெளிறினத எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேன்."

நோனா கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அனே அக்கே. ரெண்டு வருஷமா நான் அதத்தானே தேடுறேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் நிதானமாக விளங்கப்படுத்தினார். அந்த வெளிறல் தாயிலும் தகப்பனிலும் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்குமாம். இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த குஞ்சில்தான் கண்ணுக்குத் தெரியுமாம். மிஞ்சிய குஞ்சுகளிலும் ஒளிந்திருக்கலாம், ஆனால் அவை பெருத்து முட்டையிட மூன்று மாதம் ஆகும். பெற்ற ஜோடியோ நாற்பது மீனோடு கலந்து கிடந்தது. அன்று இருட்டும்வரை அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் வலையோடு போய் நின்றேன்.

"நோனா, அந்தத் தாய் தகப்பன நான் புடிச்சுத் தர்றேன்."

"எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு அக்கே?"

"ஒங்களுக்கு அப்படி. அவளுக்கு வால்கிட்ட மேல்வரி அறுந்திருக்கும். அவன் ஒல்லி. அடிச் செட்டையில கிள்ளுன மாதிரி ஒரு வெட்டு. முட்டைக்கு விட்டவளே நான்தான."

"தப்பாப் போச்சுன்னா?"

"என்னைய நர்சரிக்கே திருப்பி அனுப்புங்க."

மத்தியானத்துக்குள் இரண்டையும் பிடித்தேன். சாயங்காலம் பெட்டியில் விட்டோம். விடிந்து பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை.

"எடம் மாறி மாறி மெரண்டு போய்க் கெடக்குதுங்க. நாளைக்கும் பாக்கலாம்," என்றேன்.

மறுநாள் விடியலில் வலைக்குக் கீழே நிறைய முட்டை. எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் நோனா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நான் பார்த்தேன். கண்ணாடி போன்ற உடம்புகளில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் பொட்டு. அவற்றுக்கு நடுவே பொட்டே இல்லாத குஞ்சுகள், நாலுக்கு ஒன்று என்று சொல்லலாம்.

"அக்கே, தயவுசெஞ்சு இந்தத் தட்டுல கை வைக்காதீங்க," என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"வைக்காம எப்படி? வெளிறினது நோஞ்சானுங்க. வளரத் தொடங்குனா மத்ததுங்க முந்திக்கிட்டு தீனியத் தின்னுரும். இதுகளத் தனியாத்தான் வளக்கணும்."

நோனா தானே போய் ஒரு தொட்டியைக் கழுவத் தொடங்கினார்.