இராமையாவின் மூச்சுத்திணறல்

பபேடான் பேட்டையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் ஆன்மேரிக்குத் தலைமைத் தாதி என்று பெயர். பார்த்ததென்னவோ ஆள் பிடிக்கும் வேலை. ஊழியர் அத்தனை பேரும் வருடம் ஒருமுறை அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் கண்டிப்பு. பயிற்சி என்றதுமே ஒருத்திக்குத் தலைவலி வரும். இன்னொருத்தியின் மாமியார் மாவ்பியில் சாகக் கிடப்பாள். பிரியாணி உண்டு என்று அறிவித்தால் தலைவலி தீர்ந்துவிடும், மாமியாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அதற்கும் மசியாதவள் சமையற்காரி ஹமீதுன்னிசா. தாதியை அங்கே எல்லாரும் அழைப்பதுபோல, “அடுப்புல வேல கெடக்கு, சயாமா” என்பாள். அந்தப் பிரியாணியைச் சமைப்பவளே அவள்தான் என்பதால் ஆன்மேரியும் வாயை மூடிக்கொள்வாள்.

பயிற்சிக்கு ஒரு பொம்மை வாங்கித்தர நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. ஆகவே இல்லத்திலேயே வசித்த இராமையா, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், நோயாளியாக நடித்தார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழி பிதுங்குவார். ஆன்மேரி “ஆரம்பிங்க” என்று சொன்ன பிறகே பெண்கள் அவரைத் தொடலாம். முடிந்ததும் கைதட்டல். பார்க்க யாருமே வராத அந்த மனிதருக்கு அன்றுதான் தீபாவளி.

இரண்டாயிரத்து நான்காம் வருட மழைக்காலத்தில் ஒரு நாள், காலைப் பலகாரமாகப் பசைபோல் ஒட்டும் கவுனியரிசிச் சோறு. ஒரு வாய் போட்ட இராமையா தொண்டையைப் பிடித்தார். விழி பிதுங்கியது. பயிற்சி முடித்த பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“தாத்தா இந்த வருசம் இன்னும் நல்லா செய்றாரு” என்று ஒருத்தி சிரித்தாள்.

“சயாமா வரட்டும்” என்றாள் மற்றவள். அவர் உதடு நீலம் பாரித்தது. யாரோ கையும் தட்டினார்கள்.

டீ கொண்டுவந்த ஹமீதுன்னிசா தட்டைக் கீழே போட்டாள். அடுப்படியிலேயே கிடந்தவள் அந்த நடிப்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

“யா அல்லா! மனுசன் சாவுறாரு, வேடிக்கையா பாக்குறீங்க?”

அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். சோற்றுக் கட்டி தெறித்து விழுந்தது.

கூச்சல் கேட்டு ஆன்மேரி ஓடிவந்தாள். இராமையா மூச்சு வாங்கியபடியே அழுதார். “கை தட்டுனீங்களேம்மா” என்றார்.

மாதக் கடைசியில் செயலாளர் கிறிஸ்டோபர் வந்தார். “பயிற்சி எல்லாரும் முடிச்சாச்சா?”

“ஹமீதுன்னிசா மட்டும் பாக்கி சார்.”

“என்னம்மா இது? ஆபத்துன்னு வந்தா அவளுக்கு என்ன தெரியும்? மொதல்ல அவள உக்கார வைங்க.”

“வேணாம் சார்” என்றாள் ஆன்மேரி. “இந்த எடத்துல ஒருத்தியாவது நெசம்னு நம்பணும்.”