பச்சமலை ஏறிய சைக்கிள்

2003 ஜனவரி, இரண்டாவது ஞாயிறு, காலை 6.10. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அரும்பாவூர் பஸ்ஸின் கூரைக்கு ஒரு சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றியவர் என் நண்பர் அப்துல் சலாம். வயது ஐம்பத்தாறு, சொந்த ஊர் லப்பைக்குடிகாடு, டவுனில் இருபது வருடம் சைக்கிள் கடை நடத்தியவர். கீழே நின்று "பாத்து, பாத்து" என்று சொல்லி உழைத்துக்கொண்டிருந்தவன் நான்.

போன வருடம் சலாம் பாய்க்கு நெஞ்சுவலி வந்து, திருச்சியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். துபாயில் இருக்கும் மகன் ரஃபீக் உட்காரச் சொன்னான். டாக்டர் ஒருமுறைதான் சொன்னார், மகன் வாராவாரம் போனில் சொன்னான், ஆகவே மகன் ஜெயித்தான். கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து வைத்தார்கள். அந்த இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. திறந்தே தீருவேன் என்று பாய் மல்லுக்கு நிற்க, மகன் எரிச்சலில், "சைக்கிளோட பச்சமலை ஏறிக் காட்டுங்கத்தா, அப்புறம் கடையைத் தொறங்க" என்று சொல்லிவிட்டான். பாயிடம் போய் இப்படிச் சொல்லலாமா? அவர் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்.

சாட்சி நான். அது பாய்க்குத் தெரிந்த பாதி. ரஃபீக் எனக்குத் தனியாகப் போன் செய்து, "ஒரு குதிரைக்குச் சொல்லி வைங்க மாமா. அத்தா முடியாம அதுல ஏறிட்டாருன்னா கடைப் பேச்சு அத்தோட முடிஞ்சுது" என்றான். எல்லோருக்கும் நல்லவனாக இருப்பது என் பழைய வியாதி. சரி என்றேன்.

7.25, அரும்பாவூர். டிக்கெட் எட்டு ரூபாய், சைக்கிளுக்குத் தனியாக நான்கு. மலைப்பாதை எவ்வளவு தூரம் என்று டீக்கடையில் விசாரித்தோம். டீ ஆற்றியவர் நான்கு கிலோமீட்டர் என்றார், பேப்பர் படித்தவர் ஏழு என்றார். இருவரும் ஏறியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் சென்ற மாதம் எழுதிய கடிதத்தைப் பற்றி அங்கேதான் பாயிடம் சொன்னேன். கலிபோர்னியாவில் ரெட்வுட் என்று ஒரு மரமாம், அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்குமாம், உச்சி தெரியாதாம். அந்தக் காட்டுக்குள் நடக்க, சைக்கிள் விட, குதிரையில் போகப் பாதைகள் போட்டு, யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று பலகையும் வைத்திருக்கிறார்களாம்.

"யாரு யாருக்கு ஒதுங்கணுமாம்?"

"நடக்கிறவர் குதிரைக்கு. சைக்கிள்காரர் எல்லாருக்கும்."

"அப்ப அந்த ஊருக்கு நான் வர்லை சார்" என்று பாய் கிளாஸை வைத்தார்.

8.15, அடிவாரம். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். வெள்ளையன் என்ற மலைக்காரர் மட்டக்குதிரையோடு காத்திருந்தார். வாடகை நூறு.

"குதிரை எதுக்கு சார்?"

"சோத்துப் பொட்டலத்துக்கு, பாய்."

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "மூணு பொட்டலம் புளிசோத்துக்கு நாலு காலா?"

முதல் ஒரு கிலோமீட்டர் செம்மண் தடம், தள்ளிக்கொண்டே போகலாம். அதன்பின் பாதை கல்லும் வேருமாகி, படி மாதிரி எழும்பியது. பாய் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டார். இருபது அடி வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி இருபது. இருபுறமும் மூங்கில், மேலே எங்கோ ஒரு பறவை எங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தது.

9.40. ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவர் சட்டை முழுக்க வேர்வை. எனக்குப் பயமாகிவிட்டது. "பாய், கொஞ்ச தூரம் குதிரையில வாங்களேன்."

அவர் குதிரையைப் பார்த்தார், பிறகு என்னை. "ரஃபீக் சொன்னானா?"

நான் செருப்பைத் துடைத்தேன்.

"சாட்சிக்குன்னு கூப்பிட்டா ஆம்புலன்ஸோட வந்திருக்கீங்க. நெஞ்சு வலிக்கல சார், தோளுதான் வலிக்குது. ஒரு வருசமா எல்லாரும் எனக்கு ஒதுங்கி ஒதுங்கி வழி விடுறாங்க. மையத்து தூக்கிட்டுப் போறப்ப வழி விடுற மாதிரி. அது எனக்கு வேணாம்."

சைக்கிளை எடுத்து மறு தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

10.20. அந்த மலையில் ஒரு மூட்டு பழுதாயிற்று. என்னுடையது. இருபத்தெட்டு வருடம் ஆபீஸ் நாற்காலியில் மடங்கியே இருந்த வலது முழங்கால் இனி நிமிர மாட்டேன் என்றது. வெள்ளையன் குதிரையை ஒரு பாறையோரம் நிறுத்தினார். பாறையில் கால் வைத்து ஏறினேன். முன்னால் போன பாய் திரும்பிப் பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை.

சிறிது மேலே, ஒரு புறம் பாறை, ஒரு புறம் சரிவு. ஒருவர் மட்டுமே போகக்கூடிய இடம். எதிரே ஒரு அம்மாள், தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். வெள்ளையன் உடனே குதிரையை என்னோடு சேர்த்துப் பாறை இடுக்கில் தள்ளினார். சும்மா வருபவன் சுமைக்கு ஒதுங்க வேண்டும், இதுதான் மலை வழக்கம். பாயும் பழக்கதோஷத்தில் ஒதுங்கப் போனார்.

"நீங்க ஏன் ஒதுங்குறீங்க?" என்றார் அந்த அம்மாள். "சுமையோட ஏறுறவங்களுக்குத்தான் மொத வழி. நான் எறக்கம்தானே, நிக்கிறேன். வாங்க." பிறகு என்னைக் காட்டி வெள்ளையனிடம், "அவருக்கு ஒடம்பு சொகமில்லையா?" என்றார்.

"ஆமா, பாவம்" என்றார் பாய்.

மூட்டையோடு அந்த அம்மாள் பாறையில் சாய்ந்து வழிவிட, சைக்கிளைச் சுமந்துகொண்டு பாய் கடந்துபோனார். அந்த நடையை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை.

11.15, மலைமேல். மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே சமமான மண்பாதை. பாய் சைக்கிளை இறக்கி, காற்றை அழுத்திப் பார்த்து, ஏறி மிதித்தார். வழியில் ஆளே இல்லை. ஆனாலும் மணியடித்துக்கொண்டே போனார்.

மாலை 4.30, அரும்பாவூர் எஸ்.டி.டி. பூத்.

"குதிரை தேவைப்பட்டுச்சா மாமா?" என்றான் ரஃபீக்.

"தேவைப்பட்டது தம்பி."

"நான்தான் சொன்னேனே."

"அத்தாவுக்கு இல்ல. எனக்கு."

துபாய் அவசரமாக, "நான் ஏதோ கோவத்துல சொன்னது மாமா. கடையெல்லாம் வேணாம். சாவியைக் குடுத்துடாதீங்க" என்றது.

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பாய் சைக்கிளின் செயினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நல்லவனாக இருந்து நான் கண்டது ஒரு முழங்கால் வலிதான். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கடை தொறக்குது தம்பி" என்று போனை வைத்துவிட்டு வெளியே வந்து, சட்டைப் பையிலிருந்த சாவியைக் கொடுத்தேன். அவர் எண்ணெய்க் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

பெரம்பலூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கண்டக்டர் பாயின் நரைத்த தாடியைப் பார்த்து, முன் சீட்டிலிருந்த ஒருவரை எழுப்பி, "பெரியவரே, உக்காருங்க" என்றார்.

"அவருக்குக் குடுங்க" என்று பாய் என்னைக் காட்டினார். "குதிரையில வந்த களைப்பு."

உட்கார்ந்தேன்.