ரெண்டு நிமிஷம் பொறுங்க

என் மனைவி யித்கா செக் நாட்டு ப்ர்னோ நகரில் டிராம் ஓட்டுகிறவள். மூச்சிரைக்க ஓடி வருகிறவருக்காகக்கூட நிறுத்தமாட்டாள். கேட்டால், "மணின்னா மணிதான்" என்பாள்.

லீவு கிடைத்தால் கேமராவோடு ரயிலேறிவிடுவாள். ப்ரூஜ் நகரோ லுப்லியானா நகரோ, அவளுக்கு ஒரே படம்தான் வேண்டும்: நகர மண்டபக் கடிகாரத்தில், நண்பகல் பன்னிரண்டுக்கு இரண்டு முள்ளும் ஒட்டி நிற்க வேண்டும். அறுபத்திரண்டு ஊர் முடித்திருந்தாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில், அறுபத்து மூன்றாவதாக எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் இறங்கினோம். எங்கள் கைக்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால், ஸ்டேஷனில் பன்னிரண்டே முக்கால். மார்ச் கடைசி ஞாயிறு! நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற நாள்.

"நீ தள்ளி வச்சிருப்பேன்னு நெனச்சேன்!"

"நானும் உன்னைத்தான் நெனச்சேன்!"

பன்னிரண்டு போய்விட்டது என்று தெரிந்தும் திட்டிக்கொண்டே ஓடினோம். சதுக்கத்து நகர மண்டபக் கோபுரத்தில் மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. இன்னும் மாற்றவே இல்லை! யித்கா துள்ளிக் குதித்தாள். அதற்குள் ஒரு தடித்த ஆள் கடிகாரத்தை மாற்றச் சாவியோடு வந்து கோபுரக் கதவைத் திறந்தார்.

"அண்ணே, முள்ளத் தொடாதீங்க! ரெண்டு நிமிஷம் பொறுங்க!"

"காலையிலேருந்து ஊரே என்னைத் திட்டுதும்மா."

"திட்டினது திட்டியாச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் திட்டட்டுமே!"

அவர் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். முட்கள் ஒட்டின, மணி அடித்தது, படம் பதிந்தது. யித்கா அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"உனக்காக ஒரு ஊரே நின்னுச்சு," என்றேன். "இனிமே ஓடி வர்றவங்களுக்கு டிராமை நிறுத்துவியா?"

கேமராவை உறைக்குள் போட்டாள்.

"மணின்னா மணிதான்."