மாமா இடிக்கச் சொன்ன சரிவு

அன்போடு தூக்க வந்தவர்களைப் பார்த்து "கையை எடுங்க" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் பிஜித் தீவின் வரதோலியில் என் மாமாதான். அம்மாவின் தம்பி. கரும்பு லாரி ஓட்டியவர். பாரத்தோடு லாரி ஓடைக்குள் கவிழ்ந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுச் சக்கர நாற்காலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, ஊரார் வீட்டு ரேடியோக்களையும் மின்விசிறிகளையும் பழுது பார்க்கத் தொடங்கினார். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் புரிந்தது. கோயில் படியில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு பேர் மாமாவை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள். உற்சவ அம்மனுக்கு அடுத்தபடியாக அந்த மரியாதை அவருக்குத்தான் என்று எனக்கு ஒரே பெருமை. மண்டபத்துப் பாயில் அவரை உட்காரவைத்துவிட்டு நாற்காலியைக் கீழே கொண்டுபோய் விடுவார்கள். பூஜை முடிந்து யாராவது வரும்வரை அவர் அங்கேயே இருக்க வேண்டும். மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்.

அந்த வருஷம் தலைநகர் சூவாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தியர்களான நம்மவர்கள் கடையைப் பூட்டினார்கள், நிலத்தை விட்டார்கள், கிடைத்த நாட்டுக்குக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் பிரிவு விருந்தாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு வயிறு கெட்டுப்போனது. மாமாவைத் தூக்குகிறவர்களில் ஒருவர் ஆக்லாந்துக்குப் போனார். பிறகு இன்னொருவர் சிட்னிக்குப் போனார். அப்பாவும் விசாவுக்கு மனுப் போட்டார். மாமாவும் வருவாரா என்று கேட்டதற்கு, "அவர் பின்னால வருவார்" என்றார். ஆனால் அம்மா அப்பாவிடம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நடக்க முடியாதவனுக்கு விசா இல்லையாம். அவனை இப்படி விட்டுட்டு நான் வரலை."

இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. எனக்கு வசதியான அப்பாவை நம்பினேன்.

இந்த நேரம் பார்த்து மாமா, படிக்குப் பக்கத்தில் சிமென்ட் சரிவு வேண்டும் என்று கோயில் கமிட்டியிடம் கேட்டார். தலைவர் நங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அரே பையா, தூக்கத்தான் ஆளு இருக்குதே. உனக்கு என்னா கஷ்டம்?"

"இருக்கிறவரைக்கும் ஒரு கஷ்டமும் இல்லண்ணே."

தெருவெல்லாம் உருண்ட சக்கரம் செருப்புக்குச் சமானம், அதை எப்படிச் சாமி முன்னால் விடுவது என்று இன்னொருவர் கிளப்பினார்.

"நீங்க குழாயடியில காலைக் கழுவிட்டுத்தானே உள்ள வர்றீங்க? நான் சக்கரத்தைக் கழுவிட்டு வர்றேன்" என்றார் மாமா.

கமிட்டி சரி என்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து கட்டினார்கள். எல்லாரும் கரும்புக்காரர்கள். டிராக்டரை லாரிமேல் ஏற்றுகிற சரிவைத் தவிர வேறு சரிவை அவர்கள் பார்த்ததில்லை. அதையே குட்டையாக, செங்குத்தாகக் கட்டி, மஞ்சளும் சிவப்பும் பூசி, தேங்காய் உடைத்துத் திறந்தார்கள். மாமா பாதி ஏறினார். நாற்காலி பின்னால் உருண்டது. தலைவர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

மாமா மூச்சு வாங்கியபடி, "இதை இடிக்கணும்ண்ணே. எனக்கு எஞ்சின் கிடையாது" என்றார்.

ஊர் கொதித்துவிட்டது. தலைவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். "வினாகான்னு நன்றி சொல்லி வாங்கிக்க வேண்டியதுதானே, இப்படியா பேசுவாங்க?" என்று கடையில் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மாமாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. விசாவும் கிடைத்து ஊர் விட்டுப் போகப்போகிற குடும்பத்துக்கு எதற்குக் கோயிலில் சிமென்ட்? இதற்கு நடுவில் தபாலாபீஸ் படிக்கும் சரிவு கேட்டு நகரசபைக்கு வேறு போய்வந்தார்.

மாமா அசரவில்லை. சாயங்காலமானால் அந்தச் சரிவின் அடியில் போய் நின்றுகொள்வார். வருகிறவர்களிடம், "நாற்காலியில உக்காந்து ஒரு தடவை ஏறிப் பாருங்க" என்பார். எல்லாரும் சிரித்துக்கொண்டே நழுவினார்கள். கடைசியில் தலைவர்தான் ரோஷத்தில் உட்கார்ந்தார். மாமா பக்கத்து பெஞ்சிக்கு மாறிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கரும்பு வெட்டிக் காய்த்த கைகள் சக்கரத்தோடு மல்லுக்கட்டின. பாதியில் வியர்த்துக் கொட்டியது. தலைவர் இறங்கிச் சட்டையை உதறிக்கொண்டார்.

"ஏக்தம் செங்குத்து" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு அவர்தான் முதலில் வந்தார்.

புதுச் சரிவு செருப்பு விடும் இடத்தைச் சுற்றி, சுவரோரமாக நீளமாகப் போய் மண்டபத்தைத் தொட்டது. வெள்ளிக்கிழமை மாமா குழாயடியில் சக்கரங்களைக் கழுவினார். தூக்க வந்தவர்கள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மாமா நிதானமாக ஏறி, சன்னிதிக்கு நேரே போய், தானே கை நீட்டித் தீர்த்தம் வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பிக் கீழே நின்ற அம்மாவைத் தேடிப் பார்த்தார். நான் கைதட்டினேன். அம்மாவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"மாமாதான் ஏறிட்டாரேம்மா, அப்புறம் ஏன் அழறே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "சரி, டிக்கெட் போடுங்க" என்றாள்.

அழுகிறவள் ஏன் சரி என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தன் அக்கா கிளம்ப வேண்டுமென்றுதான் மாமா ஊரையே பகைத்துக்கொண்டார் என்பதும் தெரியவில்லை. வீடு போய்ச் சேரும்வரை, புது வீட்டில் மாமாவுக்கு எந்த அறை என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.